இத்தா வீட்டுக் கூரை

பாலாவிச் சந்தியில் கற்பிட்டி வீதிக்குத் திரும்பியதும் இடப்பக்கம் ஒரு ஹாட்வெயார் கடை இருக்கிறது. அங்கே எந்த ஆணி எந்தப் பெட்டியில் கிடக்கிறது என்பது முதலாளிக்கே தெரியாது. றிஸ்மினாவுக்குத் தெரியும். பதினொரு வருடமாக அந்தக் கடையில் நிற்கிறாள். பெயின்ட் வாங்க வருகிற ஒருவரையும் அவள் சும்மா அனுப்பியதில்லை.

"அடிக்க முதல் சுவரக் கழுவணும். கிணத்துத் தண்ணியால இல்ல, நல்ல தண்ணியால. உப்போட அடிச்சீங்க எண்டா ஆறு மாசத்துல பொருக்குப் பொருக்கா விழும்."

இதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வாள். கேட்காமல் போனவர்கள் ஆறு மாதத்தில் திரும்பி வந்தால், "நான் சொன்னனா, இல்லையா?" என்று கேட்பாள். அவர்கள் வாயால் "ஓம், சொன்னீங்க" என்று வரவழைத்த பிறகுதான் அடுத்த டின்னில் கை வைப்பாள். வாங்க வந்தவர் ஹாஜியாராக இருந்தாலும் சரி, தலைமையாசிரியராக இருந்தாலும் சரி, அவளிடம் சலுகை கிடையாது.

வயது முப்பத்தாறு. ஆள் ஒல்லி. பிடித்தால் உடும்புப் பிடி. கணவன் றஸ்மி கட்டாரில் லொறி ஓட்டுகிறான். மகள் குருநாகலில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரையும் ஊரைவிட்டு எழுப்பியபோது றிஸ்மினா ஒரு வயதுக் குழந்தை, உம்மாவின் இடுப்பில் வந்தவள். அவளுக்குத் தெரிந்த ஊர் உப்பளத்துக்குப் பக்கத்திலுள்ள இந்த ஒழுங்கைதான்.

ஒழுங்கையில் ஆறாவது வீடு அவர்களுடையது. வாப்பா கலீல் உப்பளத்தில் வேலை செய்தவர். முதலில் கிடுகுக் குடிசை, பிறகு கல் சுவர், பிறகு இருபத்தாறு சிங்க் தகடுகள் என்று அந்த வீட்டை அவரே ஏற்றினார். தகடுகளுக்குக் கீழே மெல்லிய பலகையில் ஒரு சீலிங்கும் அடித்தார். வெயில் மேலேயே நின்றுவிடும் என்று நினைத்தார், பாவம். தகட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவில் ஆள் குனிந்து போகக்கூடிய ஓர் இருட்டு வெளி உண்டு. காலையிலிருந்து சூடெல்லாம் அதற்குள் சேரும். பன்னிரண்டு மணி தாண்டினால் அப்படியே அறைகளுக்குள் இறங்கும். காற்றாடியைப் போட்டால் அது அந்தச் சூட்டையே வாரி முகத்தில் அடிக்கும்.

பாரிசவாதம் வந்து கடைசிப் பதினொரு மாதமும் வாப்பா முன்னறைக் கட்டிலில்தான் கிடந்தார். முப்பது வருடம் உப்பு வெளியில் வெயில் குடித்த மனிதர், தன் வீட்டுக்குள் கிடந்து வெந்தார். றிஸ்மினா மத்தியானத்தில் கடையிலிருந்து ஓடி வந்து ஈரத் துவாயை அவர் நெஞ்சில் போடுவாள். பத்து நிமிடத்தில் துவாய் காய்ந்துவிடும். கற்பிட்டியில் மீனுக்கு ஐஸ் அறை கட்டுகிறவர்கள் சூடு புகாமல் இருக்கச் சுவரிலும் கூரையிலும் நுரை அடிக்கிறார்கள், அதை நம் கூரைக்கும் அடித்தால் என்ன என்று ஒருநாள் அவரிடம் கேட்டாள்.

"நான் எழும்பின பொறகு பார்ப்பம் மகள்" என்றார் வாப்பா.

அவளும் சரி என்று விட்டுவிட்டாள். அவர் எழும்பவில்லை. ஜனவரிக் கடைசியில் மௌத்தாகிவிட்டார். உடும்புப் பிடிக்காரி என்று பெயரெடுத்தவள், அந்த ஒரு காரியத்தை மட்டும் ஏன் விட்டாள்? இந்தக் கேள்வி அவளைப் போட்டுக் குடைந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அதே முன்னறையில் இப்போது அவளுடைய உம்மா, ஹவ்வா உம்மா, இத்தா இருந்தார். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் கணவன் வீட்டோடு இருக்க வேண்டும். அந்த நாட்களில் அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாது என்பதில் அந்த ஒழுங்கை மிகக் கண்டிப்பு. முன்னறை யன்னல் ஒழுங்கையைப் பார்த்திருந்ததால் அதை அடைத்து, தடித்த சீலை ஒன்றையும் தொங்கவிட்டாயிற்று. யன்னலைத் திறக்கலாம், மார்க்கத்தில் அதற்குத் தடையில்லை என்று பள்ளி மௌலவியே சொல்லியனுப்பினார்.

"அவரு சொல்லுவாரு. போறவன் வாறவன் கண்ண அவரா வந்து மூடுவாரு?" என்றார் ஹவ்வா உம்மா. யன்னல் திறக்கவில்லை.

மார்ச் மாத வெயில் ஏறியதும் உம்மா இரண்டு தடவை மயங்கி விழுந்தார். வந்து பார்த்த லேடி டொக்டர், பிரஷர் மிகவும் கூட, இந்த அறையில் வைத்திருந்தால் எந்த மருந்தும் பிடிக்காது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். ஏசி போடலாம்தான். ஆனால் அந்த ஒழுங்கைக்கு வருகிற கரண்டில் தேங்காய் அரைக்கிற மிக்சியே மூச்சு வாங்கும்.

செய்தி கேட்டு உம்மாவின் தம்பி ஸலாஹுதீன் புத்தளம் டவுனிலிருந்து வந்தார். இறால் வியாபாரம், டவுனில் மாடி வீடு. கூடப்பிறந்த தம்பி என்பதால் அறைக்குள் வரத் தடையில்லை. வந்து கதிரையில் உட்கார்ந்தவரின் சேர்ட் ஐந்து நிமிடத்தில் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"ராத்தா, எங்கட வீட்டுல ஏசி அறை சும்மா கிடக்கு. வாங்க. உசிருக்கு ஆபத்தெண்டா இத்தாவுல இடம் மாறலாம். கேட்டுட்டுத்தான் வந்தன்."

"எனக்கும் அது தெரியும் தம்பி."

"அப்ப என்னத்துக்குப் பிடிவாதம்?"

ஹவ்வா உம்மா வெள்ளைச் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "தொண்ணூறுல ரெண்டு மணித்தியாலத்துல எழும்பச் சொன்னாங்க. அடுப்புல சோறு. இறக்கி வைக்கவும் விடல்ல. நீ அப்ப சின்னவன், என்ட சேலையப் பிடிச்சிக்கிட்டு வந்தாய். அண்டைக்கு ஒரு வீட்ட விட்டு எழும்பினன். அது போதும். இது அவரு கட்டின வீடு. இத்தாவ முடிச்சிட்டுத்தான் இந்தப் படிய விட்டு இறங்குவன். இல்லாட்டி மௌத்தாகித்தான் இறங்குவன்."

ஸலாஹுதீன் எழுந்து வெளியே வந்தார். வாசலில் றிஸ்மினாவைப் பிடித்துக்கொண்டார்.

"பதினஞ்சு நாள் தாறன். அதுக்குள்ள இந்த அறைய மனிசர் இருக்கிற அறையா ஆக்கு. இல்லாட்டி அடுத்த கிழமைக்கு அடுத்த வெள்ளி, ஜும்ஆ தொழுது முடிய வேனோட வருவன். அழுதாலும் சரி, ஏசினாலும் சரி, தூக்கிட்டுப் போவன். இந்த வீட்டுல இன்னொரு மௌத்தப் பார்க்க என்னால ஏலாது."

அவர் சொன்னால் செய்கிறவர். உம்மாவும் சொன்னால் செய்கிறவர்தான். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் றிஸ்மினா. ஆனால் அவள் பயப்படவில்லை. அன்று பின்னேரமே கற்பிட்டி பஸ்ஸில் ஏறினாள்.

ஃபஸ்லான் அந்த ஒழுங்கைப் பையன்தான். ஏழு வருடம் டோஹாவில் நுரை அடித்துவிட்டு, ஒரு மெசினோடு திரும்பி வந்தவன். கற்பிட்டிப் பக்கம் மீன் வாடிகளுக்கு ஐஸ் அறை செய்துகொண்டிருந்தான். இரண்டு பீப்பாயில் இரண்டு திரவம். மெசின் அவற்றைச் சூடாக்கித் தனித்தனிக் குழாயில் தள்ளும். துப்பாக்கி முனையில் இரண்டும் சந்தித்துப் பீய்ச்சியதும் பொங்கி, கண் மூடித் திறப்பதற்குள் இறுகிவிடும். இரண்டு அங்குலம் அடித்தால் தகட்டுச் சூடு கீழே இறங்காது.

"லேசான வேல ராத்தா. நானும் ரெண்டு பேரும் ஏறினா ஒரு காலையில முடிச்சிருவம்" என்றான்.

"ஆம்பிளைகள் ஏற ஏலாது. உம்மா இத்தா."

"அப்ப உம்மாவ வேற வீட்டுல விடுங்க. எப்படியும் நுரை அடிச்சா ஒரு நாளைக்கு உள்ளுக்கு ஆள் இருக்கப்படாது."

"உம்மா வளவ விட்டு வெளிய வரமாட்டா."

ஃபஸ்லான் சிரித்துவிட்டான். "ஆளும் போகமாட்டா, ஆம்பிளையும் வரப்படாது. அப்ப வானத்துல இருந்து மலக்குகளா வந்து அடிக்கிற?"

றிஸ்மினா சிரிக்கவில்லை. பஸ்ஸிலேயே எல்லாவற்றையும் யோசித்து முடித்திருந்தாள். குசினி வளவின் பின்பக்கம் தனியாக இருக்கிறது. உம்மா ஒரு இரவும் பகலும் அங்கே இருக்கலாம், அதுவும் கணவன் வளவுதான். ஆனால் சீலிங்குக்குள் ஏறுகிற துவாரம் பின் விறாந்தையில், அந்தக் குசினிக்கு நேர் எதிரே. ஆகவே ஆண்கள் ஏறுவது நடக்காது.

"உன்ட குழாய் எவ்வளவு நீளம்?"

"அறுபது மீட்டர்."

"மெசின் ஒழுங்கையில நிக்கட்டும். நீயும் அங்கேயே நில்லு. துப்பாக்கிய நான் பிடிக்கிறன்."

ஃபஸ்லான் மாட்டேன் என்று பத்துக் காரணம் சொன்னான். அவள் பதினொன்றாவதுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. அதோடு அவளுக்கு உதவியாக ஒன்றும் இருந்தது: வாப்பாவின் சீலிங் சட்டங்கள் ஃபஸ்லானின் எடையைத் தாங்காது. கல்யாணத்துக்குப் பிறகு அவன் இரண்டு ஆள் கணக்கில் இருந்தான்.

நான்கு பின்னேரம் கற்பிட்டியில், ஐஸ் அறைக்குப் பின்னால் பழைய தகடுகளை நிறுத்தி வைத்து அடித்துப் பழகினாள். உடம்பு முழுக்க மூடுகிற வெள்ளை உடுப்பு. வெளிக்காற்று குழாயில் வருகிற முகமூடி. "இந்தப் புகைய ஒரு மூச்சு உள்ள இழுத்தாலும் நெஞ்சு கெட்டுரும். முகமூடி கழண்டா எல்லாத்தையும் போட்டுட்டு இறங்கணும்" என்று ஃபஸ்லான் ஒவ்வொரு நாளும் சொன்னான். முதல் நாள் அவள் அடித்தது பேக்கரிப் பணிஸ் மாதிரி உருண்டை உருண்டையாகப் பொங்கி நின்றது. கையை ஓரிடத்தில் நிறுத்தாமல் வீச வேண்டும் என்பது இரண்டாம் நாள் பிடிபட்டது. நான்காம் நாள் ஃபஸ்லான் தடவிப் பார்த்துவிட்டுக் குறை ஒன்றும் சொல்லவில்லை. அவனிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

செவ்வாய்க்கிழமை காலை அடித்தாள். அதற்கு முதல் ஃபஸ்லான் டோஹாவில் செய்ததைப் போல, தகடுகளின் அடிப்பக்கத்தைத் தும்புத்தடியால் நன்றாகக் கூட்டித் தூசு தட்டினாள். ஒரு இரவும் பகலும் குசினியில் இருந்துவிட்டு அறைக்குத் திரும்பிய ஹவ்வா உம்மா, மேலே பார்த்தார், சுவரைத் தொட்டுப் பார்த்தார். "வெயில் எங்க போனது?" என்று கேட்டார். அன்றும் மறுநாளும் அவர் மத்தியானத்தில் தூங்கினார். றிஸ்மினா கடையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு சாமான் நிறுத்தாள்.

சனிக்கிழமை பகல் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சீலிங்குக்கு மேலே முகட்டுக்குள் தொம்மென்று ஏதோ விழுந்தது. சற்று நேரத்தில் இன்னொன்று. றிஸ்மினா கை கழுவாமலே ஏறிப் பார்த்தாள். அவள் அடித்த நுரை பலகை பலகையாகத் தகட்டை விட்டுக் கழன்று, பாதி தொங்கியும் பாதி விழுந்தும் கிடந்தது. அந்த இருட்டுக்குள் சட்டத்தின் மேல் உட்கார்ந்து, உம்மாவுக்குக் கேட்காமல் அழுதாள்.

ஒழுங்கையில் நின்று துண்டுகளைப் பார்த்த ஃபஸ்லான், "தூரமாப் பிடிச்சி அடிச்சிருப்பீங்க ராத்தா" என்றான். அப்படித்தான் இருக்கும் என்று அவளும் நம்பினாள். ஞாயிறு பகல் உம்மா மறுபடி மயங்கினார். பக்கத்து வீட்டு சிபானாவின் வாய் சும்மா இருக்குமா? இரவாவதற்குள் செய்தி டவுனுக்குப் போய்விட்டது. ஸலாஹுதீன் போனில் ஒரே வசனம்தான் சொன்னார்: "வெள்ளிக்கிழமை வேன் வருது."

திங்கள் காலை, சூடு ஏறுவதற்கு முன், ஹவ்வா உம்மா மடியில் ஒரு நுரைத் துண்டை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புள்ள, இதென்ன முதுகுப்பக்கம் நசநசண்டு ஈரமா இருக்கு? மழையும் இல்லையே."

றிஸ்மினா விரலால் தடவிப் பார்த்தாள். ஈரம்தான். வழவழவென்று ஒரு ஈரம். விரலை நாக்கில் வைத்தாள். அப்படியே கட்டில் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"உப்பு" என்றாள்.

வருடம் முழுதும் உப்பளத்திலிருந்து காற்று அந்த வீடுகளுக்குள் வீசுகிறது. முப்பது வருட உப்பு தகட்டின் அடியில் கண்ணுக்குத் தெரியாத தோலாகப் படிந்திருந்தது. தும்புத்தடிக்கு அது போகுமா? நுரை தகட்டைப் பிடிக்கவில்லை, உப்பைப் பிடித்திருந்தது. விடியப்புறப் பனியில் உப்பு ஈரத்தை இழுத்து வழுக்கிவிட்டது. டோஹாக்காரனுக்குத் தூசு மட்டும்தான் தெரியும். கற்பிட்டியில் அவன் அடித்ததெல்லாம் கடையிலிருந்து வந்த புதுத் தகடு. ஆனால் இவளுக்கு? உப்பளத்துக்காரனின் மகள். பதினொரு வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லிச் சம்பளம் எடுத்தவள். உப்புக்குள்ளேயே வளர்ந்தால் உப்பு கண்ணில் படாமல் போய்விடும் போல.

"நான் சொன்னனா, இல்லையா?" என்று தன்னையே கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஹவ்வா உம்மா சிரித்தார். கணவன் போன பிறகு அவர் சிரித்த முதல் சிரிப்பு அது. "ஊருக்கெல்லாம் சொன்னாய். முகட்டுக்குச் சொல்ல மறந்திட்டாய். எழும்பு, எழும்பு. வெள்ளிக்கு இன்னும் நாலு நாள் கிடக்கு."

விஷயத்தைக் கேட்ட ஃபஸ்லான் துண்டின் முதுகைத் தானும் தடவிப் பார்த்தான். "என்ட தொழில். எனக்குத்தான் தோணியிருக்கணும்" என்றான். வியாழன் விடிய மறுபடி பீப்பாய்களோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

இப்போது கூரையைக் கழுவ வேண்டும். எதால் கழுவுவது? அந்த ஒழுங்கையின் கிணறுகளில் சவர் தண்ணீர். அதால் கழுவினால் உப்பை எடுத்து உப்பைப் பூசின கதைதான். குடிக்கிற நல்ல தண்ணீர் கிழமைக்கு இரண்டு தடவை பவுசர் லொறியில் வரும். வீட்டுக்கு இத்தனை கேன் என்று கணக்கு. இருபத்தாறு தகட்டையும் இரண்டு தரம் துடைப்பதென்றால் ஒரு வீட்டுத் தண்ணீர் எந்த மூலைக்கு?

செய்தியை டவுன் வரைக்கும் கொண்டுபோன சிபானாவுக்கு மனசு உறுத்திக்கொண்டிருந்தது போலும். அவளே வழியும் கண்டாள். இத்தா இருக்கிறவளைப் பார்க்கப் பின்னேரங்களில் பெண்கள் வருவார்கள். வெறுங்கையோடு வரக்கூடாதென்று சீனி, தேயிலை, பிஸ்கட் என்று ஏதாவது கொண்டு வருவார்கள். அலுமாரியில் மட்டும் பதினேழு பக்கற் சீனி கிடந்தது. சிபானா வீடு வீடாகப் போனாள்.

"இந்தக் கிழமை ஹவ்வா ராத்தாவுக்குச் சீனி வேணாம். பார்க்க வாறவ ஒரு கேன் நல்ல தண்ணி கொண்டு வாங்க."

வந்தது. கேனிலும் குடத்திலும் போத்தலிலும் வந்தது. பிள்ளை பெற்று நாற்பது நாள் முடியாத ஒருத்தி தன் கணவனின் தங்கையிடம் ஒரு பெரிய சோடாப் போத்தலில் கொடுத்தனுப்பினாள். திங்களும் செவ்வாயும் றிஸ்மினா கடைக்கு லீவு போட்டுவிட்டுப் பழைய நுரையைக் கத்தியால் செதுக்கி இறக்கினாள். புதன் விடியக் கழுவல் தொடங்கியது. சிபானாவுக்கு உடம்பு பெருத்தது. துவாரத்துக்குக் கீழே ஏணியில் நின்று வாளி கொடுத்தாள். மேலே இரண்டாவது ஆளாக ஏறியவள் மக்தலேனா. கற்பிட்டியிலிருந்து கருவாடு கொண்டு வந்து அந்த ஒழுங்கையில் விற்கிறவள். வாப்பா உயிரோடிருந்த காலத்திலிருந்து அந்த வீட்டுக்குப் பழக்கம். கருவாட்டுக் கூடையை விறாந்தையில் வைத்துவிட்டு, பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள்.

கழுவியது சுத்தமா என்று பார்க்க அவளிடம் ஒரு வழி இருந்தது. ஈரம் காய்ந்ததும் தகட்டை விரலால் தேய்த்து நக்கிப் பார்ப்பாள். "எனக்குத் தெரியாத உப்பா?" என்பாள். அவள் நாக்கு பொய் சொல்லாது என்று எல்லாரும் நம்பினார்கள்.

"றிஸ்மினா, பதினொண்டாவது இன்னும் கருவாடு! இன்னொருக்கா துடை!"

"பன்னிரண்டு?"

"அது பச்சை மீன். பரவாயில்ல."

கீழே அறைக்குள் ஹவ்வா உம்மா ஒவ்வொரு இலக்கத்தையும் கேட்டுக்கொண்டு கிடந்தார். நடுப்பகல் வந்ததும் மூன்று பேரும் இறங்கி உம்மாவோடு குசினியில் உட்கார்ந்து, அவர் முகத்தில் ஈரத் துணி போட்டார்கள். வெயில் சாய்ந்ததும் மறுபடி ஏறினார்கள். மக்தலேனா கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு அன்று அங்கேயே தங்கினாள். இருபத்தாறாவது தகட்டையும் நக்கிவிட்டு, "இனி இதுல சோறு போட்டுத் தின்னலாம்" என்றாள்.

வியாழன் காலை ஏழரை மணிக்குத் தகட்டிலிருந்த பனி காய்ந்தது. பத்து மணிக்குப் பிறகு முகட்டுக்குள் ஒரு ஜீவனும் நிற்க முடியாது. இருக்கிற நேரம் இரண்டரை மணித்தியாலம். உம்மா குசினியில், ஃபஸ்லான் ஒழுங்கையில் மெசினோடு, சிபானா வாசலில் நின்று குழாயைத் தள்ளிக் கொடுத்தாள். றிஸ்மினா இந்தத் தடவை முன்னறைக்கு மேலேயிருந்து தொடங்கினாள். மற்ற இடம் வெந்தாலும் பரவாயில்லை, உம்மாவின் தலைக்கு மேல் முதலில்.

கையை நிறுத்தாமல் அடித்தாள். உடுப்புக்குள் வேர்வை காலில் வழிந்து சப்பாத்தை நிரப்பியது. பத்து மணிக்கு இன்னும் நான்கு தகடு மிச்சம்.

"இறங்குங்க ராத்தா! மிச்சத்த நாளைக்குப் பார்ப்பம்!" ஃபஸ்லான் ஒழுங்கையிலிருந்து கத்தினான்.

நாளைக்குப் பார்ப்போம். அந்தச் சொல் அவளுக்கு நன்றாகத் தெரிந்த சொல். அதை ஒருதரம் கேட்டு நடந்தது போதும். இறங்கினாள், முகமூடியைக் கழற்றி, இரண்டு குவளை தேசிக்காய்த் தண்ணீரை உப்புப் போட்டுக் குடித்தாள், தலையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். குசினிக்குள்ளிருந்து உம்மாவின் குரல் கேட்டது.

"ஆறிட்டு ஏறு புள்ள. ஆனா ஏறு."

ஏறினாள். பத்தே முக்காலுக்கு இருபத்தாறாவது தகடும் முடிந்தது.

வெள்ளிக்கிழமை விடிய முகமூடியோடு மேலே போய், முன்னறைக்கு மேலே ஒரு மூலையில் நுரைக்குள் கத்தியை விட்டு நெம்பினாள். நுரை பிய்ந்து கையோடு வந்தது. ஆனால் தகட்டில் ஒட்டியிருந்த பக்கம் தகட்டோடேயே நின்றது. இன்னொரு மூலையிலும் அப்படியே. பிய்த்த இடத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு இறங்கினாள். பதினொரு மணிக்கு உம்மா அறைக்குத் திரும்பினார்.

ஸலாஹுதீன் சொன்னபடி ஜும்ஆ முடிந்து வேனோடு வந்தார். வெளியே நிலம் கொதித்துக்கொண்டிருந்தது. தொப்பியைக் கழற்றிக் கதிரையில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்தார்.

"சாமான் கட்டியாச்சா ராத்தா?"

"முதல் உக்காரு. ஒரு பிளேன்டி குடி. பொறகு போவம்" என்றார் ஹவ்வா உம்மா.

போவோமா? இவ்வளவும் செய்தும் உம்மா மனம் மாறிவிட்டாரா? றிஸ்மினா குசினிக்குப் போய்த் தேயிலை ஊற்றினாள். குவளையோடு திரும்பி வந்தபோது மாமா தொப்பியை மடியில் வைத்து, தலையைச் சுவரில் சாய்த்து, வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவள் கவனித்தாள்: காற்றாடி ஓடவில்லை. யாரும் போடவேயில்லை.

உம்மா உதட்டில் விரலை வைத்தார். "எழுப்பாத. தூக்கிட்டுப் போக வந்த ஆளப் பாரு" என்று மெதுவாகச் சொன்னார்.

வேன்காரன் ஒழுங்கையில் இரண்டு தடவை ஹோர்ன் அடித்தான். மாமா அசையவில்லை. உம்மா நிமிர்ந்து சீலிங்கைப் பார்த்தார். பிறகு றிஸ்மினாவின் பக்கம் திரும்பினார்.

"நீ இந்த நுரைக் கதைய வாப்பாக்கிட்ட சொன்னாய்தானே?"

"ஓம் உம்மா. பிறகு பார்ப்பம் எண்டாரு. நான் விட்டுட்டன். அவரு சொன்னாலும் நான் விட்டிருக்கப்படாது."

"உனக்கு அப்படிச் சொன்னாரு. எனக்கு வேற சொன்னாரு." உம்மா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். "மகள் கூரைக்கு ஏதோ அடிக்கப் பார்க்கிறாள், எனக்கெண்டு அவள் கஷ்டப்படத் தேவையில்ல, எனக்கு இனிக் கொஞ்ச நாள்தான் எண்டாரு. ஆனா நான் போனா நீ இந்த அறையிலதான் இத்தா இருப்பாய், அப்ப அடிக்கச் சொல்லு, அவள் செய்வாள் எண்டாரு."

"ஏன் உம்மா இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

"அவரு சொல்லித்தான் செய்தாய் எண்டு ஆகப்படாது. சொல்லாமலே செய்வாயா எண்டு பார்த்தன்."

றிஸ்மினா குவளையைக் கையில் வைத்தபடியே அழுதாள். இந்தத் தடவை யாருக்கும் கேட்காமல் அழ வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மாமா அதற்கும் எழும்பவில்லை.

பின்னேரம் அஸர்த் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போதுதான் ஸலாஹுதீன் கண்ணைத் திறந்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். ராத்தாவைப் பார்த்தார். நிமிர்ந்து சீலிங்கைப் பார்த்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய் வேன்காரனிடம், "நீ போ" என்றார்.

"பிளேன்டி ஆறிப்போச்சு மாமா" என்றாள் றிஸ்மினா.

"சுட வை. குடிச்சிட்டுப் போறன்."

அவர் மறுபடி அதே கதிரையில் உட்கார்ந்தார். ஹவ்வா உம்மா கட்டிலில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டார்.

"சாமான் எதுவும் கட்டல்ல தம்பி" என்றார். "கட்ட நினைக்கவும் இல்ல."